சாய்ந்த தைலமரமும் துணிக்கொடியும்

ஜூன் 3

அண்ணனுக்கு,

நலம் விசாரிக்கிற கடிதம் இல்லை இது. நீ நலமாகத்தான் இருப்பாய். துறைமுகத்தில் கிரேனுக்குச் சைகை காட்டுகிறவனுக்கு என்ன குறை? கையை உயர்த்தினால் நிற்கிறது, கையை ஆட்டினால் நகர்கிறது. சொன்ன பேச்சைக் கேட்கிற ஒன்று கடைசியில் உனக்குக் கிடைத்துவிட்டது. தங்கைதான் கேட்கவில்லை.

போனில் பேசியிருக்கலாம். ஆனால் இந்த மெஷின் ரம்பத்தோடு குப்பை கொட்டியதில் எனக்குக் காது பாதி போயாயிற்று, உனக்குப் பொறுமை முழுதும் போயாயிற்று. நான் "என்ன, என்ன" என்பேன், நீ கத்துவாய், பிறகு வைத்துவிடுவாய். அதனால் எழுதி, பக்கத்து வீட்டு லாரிக்காரரிடம் கொடுத்து அனுப்புகிறேன். துறைமுகத்துக்குச் சரக்கு ஏற்றி வரும்போது உன்னை எப்படியும் பிடித்துவிடுவார்.

விஷயம் இதுதான். நம் இரண்டு வீட்டுக்கும் பின்னால் நிற்கிற தைலமரம் சாய்ந்துவிட்டது. விடாத மழையில் மேட்டுப்பக்கத்து மண் இளகி, அந்தப் பக்கத்து வேர் தரையைப் பெயர்த்துக்கொண்டு மேலே வந்திருக்கிறது. காலையில் பல் துலக்கப் போன அண்ணிதான் முதலில் பார்த்தார். சாய்ந்திருப்பது உன் சமையலறை மேல். நேராக அதன் மேல்.

அடியில் போய் நின்று அண்ணாந்து பார்த்தேன். எத்தனையோ மரம் வெட்டியவள் நான், இப்படி ஒன்றைப் பார்த்ததில்லை. பஸ் மேட்டு வளைவில் திரும்பும்போது வீட்டுக்கு முன்பே கண்ணில் படுமே, அந்த உச்சி இப்போது உன் ஓட்டுக்கு மேலே வந்து நிற்கிறது. விழவும் இல்லை, நிமிரவும் இல்லை. எந்தப் பிடியில் நிற்கிறது என்று எனக்கே புரியவில்லை. பயமாக இருந்தது என்று சொன்னால் நீ சந்தோஷப்படுவாய். பயம் மட்டும் இல்லை அண்ணா. கையெடுத்துக் கும்பிடலாம் போல இருந்தது.

பிள்ளைகளையும் அண்ணியையும் என் வீட்டு முன்னறையில் படுக்க வைத்திருக்கிறேன். சமைக்க மட்டும் அண்ணி அங்கேதான் போகிறார். கேட்டால், "அடுப்பு அங்கதானே இருக்கு" என்கிறார். உன் பெண்டாட்டி.

நான் அதை வெட்டப் போகிறேன். உன் வீடு என்பதால் உன்னிடம் சொல்வது முறை. சொல்லிவிட்டேன்.

தங்கை


ஜூன் 6

மரங்கொத்திக்கு,

தொடாதே. முதல் வார்த்தை இதுதான், கடைசி வார்த்தையும் இதுதான். நடுவில் எழுதுவதெல்லாம் என் ஆற்றாமை.

நானே வந்துவிடுவேன். பெரிய கப்பல் ஒன்று கரையில் நிற்கிறது, இறக்கி முடிக்கும்வரை எங்களை வெளியே விடமாட்டார்கள். கெஞ்சிப் பார்த்தேன். மேஸ்திரி, "வீட்டுல யாருக்கு என்ன?" என்று கேட்டார். "மரத்துக்கு" என்றேன். சிரித்துவிட்டுப் போய்விட்டார்.

நான் ஏன் உன்னோடு வேலை செய்வதை விட்டேன் என்று ஊரெல்லாம் கேட்டார்கள், நீ மட்டும் கேட்கவில்லை. நீ கேட்காவிட்டாலும் சொல்கிறேன். மெஷின் ஓடும்போது உனக்கு எதுவும் காதில் விழாது. குனிந்து வெட்டுகிறவளுக்கு மரம் தெரியாது, மரத்தின் முழங்கால்தான் தெரியும். அதற்காகத்தானே உன் இடுப்பில் ஒரு கயிற்றைக் கட்டி, மறுமுனையை நான் பிடித்துக்கொண்டு எட்ட நின்றேன்? ஒரு இழுப்பு என்றால் நிறுத்து. இரண்டு இழுப்பு என்றால் மெஷினைப் போட்டுவிட்டு ஓடு. அந்த ஏற்பாட்டைச் செய்தது நீதான்.

அன்று ஆற்றங்கரை மரத்தை நீ அறுக்கும்போது உச்சி ஒரு பக்கமாகத் துடித்தது. இரண்டு இழுப்பு இழுத்தேன். நீ ஓடவில்லை. இன்னும் இரண்டு இழுத்தேன். நீ இடது கையால் கயிற்றைத் தட்டிவிட்டாய், ஈயை விரட்டுகிற மாதிரி. வெட்டி முடித்தாய், மரமும் சொன்ன இடத்தில் விழுந்தது. திரும்பிப் பார்த்து, "பாத்தியா, ஒண்ணும் ஆகல" என்று சிரித்தாய். எல்லோரும் சிரித்தார்கள். நான் என் கைகளைப் பார்த்தேன். நடுக்கம் நிற்கவே இல்லை. ஓடாத ஒருத்திக்குக் கயிறு பிடிப்பது, அவள் சாவதைப் பக்கத்தில் நின்று வேடிக்கை பார்க்கத்தான். அதை என் கூடப்பிறந்தவளுக்குச் செய்ய என்னால் முடியாது. அதனால் போட்டுவிட்டு வந்தேன்.

வீடு போனால் போகட்டும். சமையலறைதானே, மறுபடி கட்டிக்கொள்ளலாம். டவுனில் மரம் வெட்டுகிற ஆட்கள் இருக்கிறார்களே, அவர்களைக் கூப்பிடு. நீ தொடாதே.

அண்ணன்


ஜூன் 9

அண்ணனுக்கு,

டவுன் ஆட்கள் வந்தார்கள். மூன்று பேரும் மரத்தைச் சுற்றி வந்து, ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மேலே ஏறிக் கிளை கிளையாக இறக்கலாமா என்று கேட்டேன். பெரியவர் தூக்கி நின்ற வேரைக் காலால் தொட்டுக் காட்டி, "ஏறுறவனையும் சேர்த்துக்கிட்டு சாஞ்சிடும்மா" என்றார். அவர் சொன்னது நியாயம். "விழட்டும், விழுந்த பிறகு கூப்பிடுங்க, அறுத்துத் தர்றோம்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள். காபிகூடக் குடிக்கவில்லை.

நீ வீடு போகட்டும் என்கிறாய். உன் சமையலறைக்கும் என் சமையலறைக்கும் நடுவே இருப்பது ஒரே சுவர் என்பதை மறந்துவிட்டாயா? ஒன்று போனால் இரண்டும் போகும். அதைவிட, ஒவ்வொரு காற்றுக்கும் அண்ணி அந்த அடுப்பங்கரையில் நின்றுகொண்டு கூரையைப் பார்க்கிறார். நான் சுவருக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டு அவர் கரண்டிச் சத்தம் கேட்கிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டிருக்கிறேன். என் காதுக்கு அது கேட்காது என்று தெரிந்தும். இப்படி எத்தனை நாள் ஓட்டுவது?

எப்படிச் செய்வேன் என்று சொல்கிறேன். கிரேனோடு வாழ்ந்து மறந்திருப்பாய், அதனால் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்குச் சொல்கிற மாதிரியே சொல்கிறேன்.

சாய்ந்த பக்கமே விழவிட்டால் வீடு. நேர் எதிர்ப்பக்கம் ரோப் கட்டிச் சுற்றி இழுக்க எந்த வின்ச்சுக்கும் தெம்பு கிடையாது. மிச்சம் இருப்பது ஒரே வழி: பக்கவாட்டில் திருப்பி, பின் சந்தில் படுக்க வைப்பது. சந்துப் பக்கம் அடிமரத்தில் ஒரு துண்டை எடுத்து வாய் வெட்டுவேன். பிறகு பின்னாலிருந்து சாதாரணமாக அறுத்துக்கொண்டு வந்தால் என்ன ஆகும் என்று உனக்குத் தெரியும். பாதி அறுப்பதற்குள் பாரம் தாங்காமல் மரம் நெடுக்காகப் பிளந்து, பிளந்த அடி பின்னால் எகிறி முகத்துக்கு வரும். அதனால் அப்படி அறுக்கமாட்டேன். மெஷினின் மூக்கைப் பக்கவாட்டில் குத்தி, மரத்தின் நடுவயிற்றை மட்டும் அறுப்பேன். வாய்க்குப் பின்னால் கொஞ்சம் மரம் அறுபடாமல் நிற்கும், அதுதான் கீல். கதவு கீலில் திரும்புகிற மாதிரி மரம் அதில் திரும்ப வேண்டும். வீட்டை விட்டு விலகிய பக்கம் கீலைத் தடியாக விடுவேன், மரம் வீட்டுப் பக்கம் போகாமல் பிடித்து வைப்பது அந்தப் பக்கத்து நார்தான். பின்முதுகிலும் ஒரு பட்டை மரம் விட்டு வைப்பேன். எல்லாம் தயார் என்ற பிறகு அதை அறுத்தால் மரம் கிளம்பும். உயரத்தில் ரோப் கட்டி, சந்து முனையில் இருக்கிற பாறையில் வின்ச் மாட்டப் போகிறேன். சுற்றுவதற்கு லாரிக்காரர் ஒத்துக்கொண்டார்.

கயிறு பிடிக்க மட்டும்தான் ஆள் இல்லை. இல்லாவிட்டால் பரவாயில்லை. பழகிவிட்டது.

தங்கை


ஜூன் 12

மரங்கொத்திக்கு,

உன் கடிதத்தைப் படித்தேன். சொல்லிப் பயனில்லை என்று தெரிகிறது. பிடிவாதத்தில் உன்னை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. அதனால் சண்டையை இந்தப் பக்கத்தோடு ஓரமாக வைத்துவிட்டுச் சொல்கிறேன், நான் சொல்வதை மட்டும் கேள்.

முதலாவது. முன்பு ஆடு வளர்த்தோமே, அதைக் கட்ட அந்த மரத்தில் ஒரு இரும்புக் கொக்கி அடித்திருந்தேன். துணிக்கொடி கட்டியிருக்கிற கொக்கி இல்லை, அது மேலே இருக்கிறது. இது அதற்கு நேர் கீழே, உன் இடுப்பு உயரத்தில். மரம் அதை முழுசாக விழுங்கிவிட்டது, வெளியே பார்த்தால் ஒரு தழும்பு மாதிரிதான் தெரியும். நீ வழக்கமாக மெஷினை வைக்கிற உயரம் அதுதான். சங்கிலி இரும்பில் பட்டால் அறுந்து உன் மேலேயே வரும். அதற்குக் கீழே, முழங்காலை ஒட்டி வெட்டு. குனிய வேண்டியிருக்கும். குனி.

இரண்டாவது. பின்னால் ஓடுகிற வழியை முன்கூட்டியே சுத்தம் செய். நேர் பின்னால் ஓடாதே, சாய்வாக, கோணலாக ஓடு. குழந்தைகளின் சைக்கிள் எப்போதும் அங்கேதான் கிடக்கும்.

மூன்றாவது. கயிற்றை உன் அண்ணியிடம் கொடு.

சிரிக்காதே. எங்கள் கல்யாணம் ஆன நாளிலிருந்து ஒரு தடவைகூட அவள் அடுப்பில் பால் பொங்கி வழிந்ததில்லை. கவனித்திருக்கிறாயா? பக்கத்தில் நின்று முறைத்துக்கொண்டும் இருக்கமாட்டாள். காய் நறுக்குவாள், பிள்ளைகளைத் திட்டுவாள், பொங்கப் போகிற அந்த நொடியில் கை தானாக அடுப்புக்குப் போகும். எப்படி என்று கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரியாது. மரத்தைப் பார்த்துக்கொள்ள எனக்குத் தெரிந்து அவளைவிட நல்ல ஆள் இல்லை.

ஒரே ஒரு நிபந்தனை. அவள் இழுத்தால் ஓடு. என்ன ஏது என்று பார்க்காதே, சரியா தப்பா என்று யோசிக்காதே. தப்பாக இழுத்தால் பிறகு திட்டிக்கொள், அதற்கு நீ உயிரோடு இருக்க வேண்டும். எனக்குச் செய்யாததை அவளுக்காவது செய்.

இங்கே கிரேனுக்குக் கீழே நின்றுகொண்டிருக்கிறேன். கண் மேலே இருக்கிறது. நினைப்பு முழுக்க அங்கே இருக்கிறது.

அண்ணன்


ஜூன் 16

அண்ணா,

முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன், நீ மூச்சு விடு: எல்லோரும் இருக்கிறோம். வீடும் இருக்கிறது. இனி நிதானமாகப் படி.

நேற்றுக் காலை மழை விட்டிருந்தது, காற்றும் இல்லை. பிள்ளைகளை லாரிக்காரர் வீட்டில் விட்டுவிட்டோம். சைக்கிள் நீ சொன்ன இடத்திலேயே கிடந்தது, எடுத்துவிட்டேன். லாரிக்காரர் வின்ச்சைச் சுற்றினார், ரோப் விறைத்து நின்றது. அண்ணி சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, என் இடுப்பில் கட்டிய கயிற்றைக் கையில் ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டு, கல்யாண வீட்டுப் பந்தியை மேற்பார்வை பார்க்கிற மாதிரி நின்றார்.

துணிக்கொடியை அவிழ்க்கப் போனேன். உன் சுவருக்கும் மரத்துக்கும் நடுவே இன்னும் கட்டித்தான் இருந்தது.

"கொடிய அவுக்காத" என்றார்.

"அண்ணி, மரம் வெட்டப் போறோம். துணி காயப் போட வரல."

"எனக்குத் தெரியும். இருக்கட்டும்."

உள்ளே போய் ஒரு பழைய போர்வையை எடுத்து வந்து அதில் போட்டார். அதன் கீழ் விளிம்பு துவைக்கிற கல்லுக்கு மேலே ஒரு விரல்கடை உயரத்தில் நிற்கிற மாதிரி இழுத்து இழுத்துச் சரி செய்தார். எனக்கு மூக்குக்கு மேல் கோபம். உன் பேச்சைக் கேட்டு இவரிடம் போய்க் கயிற்றைக் கொடுத்தோமே என்று நினைத்தேன். லாரிக்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தார்.

கொக்கித் தழும்பு நீ சொன்ன இடத்தில்தான் இருந்தது. விரலால் தடவிப் பார்த்தேன். இரும்பை இப்படி உதடு மூடி விழுங்க ஒரு மரத்துக்கு எத்தனை பொறுமை வேண்டும். அதற்குக் கீழே முழங்கால் போட்டு வாய் வெட்டினேன். மரம் அசையவில்லை. மெஷினின் மூக்கைக் குத்தி இறக்கினேன். வெள்ளைத் தூள் ஈரமாகக் கொட்டியது, தைல நெடி கண்ணைக் கரித்தது. ஒரு பக்கம் முடித்து, மறுபக்கம் பாதி போயிருப்பேன். எல்லாம் கணக்காகப் போய்க்கொண்டிருந்தது. கை சொல்லுமே, அந்த மாதிரி கை சொன்னது: சரியாக இருக்கிறது என்று.

அப்போது இடுப்பில் இரண்டு இழுப்பு.

மெஷினை அப்படியே மரத்தில் விட்டுவிட்டு ஓடினேன். நீ சொன்ன கோணலான வழியில், சுவரோரம் வரை. திரும்பிப் பார்த்தால் ஒன்றும் இல்லை. மரம் நின்ற மாதிரியே நிற்கிறது. மெஷின் தன் பாட்டுக்கு உறுமிக்கொண்டிருக்கிறது. அண்ணியும் கயிற்றை விட்டுவிட்டு என் பக்கம் வந்துவிட்டார்.

"என்ன அண்ணி? என்ன ஆச்சு?" என்று கத்தினேன்.

அவர் உதடு அசைந்தது. காதுமூடியைக் கழற்றினேன்.

"போர்வ கல்லுல பட்டுடுச்சு."

வாய் வரை வந்தது. என்ன சொல்லியிருப்பேன் என்று உனக்குத் தெரியும், ஆற்றங்கரையில் உன்னிடம் சொன்னதைத்தான் சொல்லியிருப்பேன். ஆனால் அந்தப் போர்வையைப் பார்த்தேன். விளிம்பு கல்லில் படிந்து மடிந்துகொண்டிருந்தது. மெல்ல, இன்னும் மெல்ல. யாரோ அதை இறக்கி வைக்கிற மாதிரி. கொடி தளர்கிறது என்றால் சுவருக்கும் மரத்துக்கும் உள்ள இடைவெளி குறைகிறது. மரம் வீட்டைப் பார்த்து இறங்கிக்கொண்டிருந்தது அண்ணா, எங்கள் கண்ணுக்குத் தெரியாத அளவில். உச்சியை மட்டும் பார்த்திருந்தால் தெரிந்திருக்காது.

பிறகு அது பிளந்தது.

காது கேட்காதவளுக்கே கேட்டது என்றால் பார்த்துக்கொள். நான் குத்திய வெட்டிலிருந்து ஒரு கோடு விறுவிறுவென்று மேலே ஏறியது. பின்பாதி அடியோடு எகிறி, நான் முழங்கால் போட்டிருந்த இடத்தைத் துடைத்துக்கொண்டு போய்ப் பின்மேட்டில் மோதியது. மெஷினைக் காணோம். அதோடு மரம் முழுக்க வீட்டுப் பக்கம் ஒரு சாய்வு சாய்ந்தது. அண்ணி என் தோளைப் பிடித்துக்கொண்டார். போயிற்று என்றுதான் நினைத்தேன்.

அந்தக் கடைசிப் பிடியில் கீல் தாங்கியது. வீட்டை விட்டு விலகிய பக்கத்தில் தடியாக விட்டிருந்தேனே, அந்த நார் விறைத்து நின்று இழுத்தது. லாரிக்காரர் கண்ணை மூடிக்கொண்டு வின்ச்சைச் சுற்றினார். அவ்வளவு பெரிய மரம், உன் கூரைக்கு மேலே, யோசிக்கிற மாதிரி ஒரு கணம் நின்றது. பிறகு திரும்பியது. வானத்தில் அந்த உச்சி சுற்றி வந்ததை நான் சொல்லி உனக்குப் புரியாது. வெளிச்சம் முழுக்க நகர்ந்தது. சந்தின் நீளத்துக்குச் சரியாக, பாய் விரித்த மாதிரி வந்து படுத்தது. கால் கீழ் மண் எழும்பி இறங்கியது. அதற்குப் பிறகும் நெடுநேரம் இலை மட்டும் உதிர்ந்துகொண்டே இருந்தது. தெருவெல்லாம் தைல வாசனை.

கொடி அறுந்து, போர்வை மரத்துக்கடியில் போய்விட்டது. உன் சமையலறையில் ஒரு ஓடுகூட நகரவில்லை. அண்ணி உள்ளே போய் அடுப்பைப் பற்ற வைத்து எங்களுக்குக் காபி போட்டார். கொண்டு வந்து கொடுக்கும்போதுதான் அவர் கை நடுங்கியது. எனக்கு உன் கை ஞாபகம் வந்தது.

"கொடிய வச்சுப் பாக்கணும்னு எப்படித் தோணுச்சு?" என்று கேட்டேன். மரம் சாய்ந்த நாளிலிருந்து துணி தரையில் புரள்கிறதாம், தினமும் கொடியை இழுத்து இழுத்துக் கட்டினாராம். "நீங்க எல்லாரும் மரத்தைப் பாத்துக்கிட்டு இருந்தீங்க, எனக்குத் துவைக்கிற வேலை இருந்துச்சு" என்றார்.

ஒன்று பாக்கி இருக்கிறது. நான் அண்ணி சொன்னதற்காக ஓடினேன் என்று நீ நினைப்பாய். இல்லை. உன் நிபந்தனைக்காகவும் இல்லை, அது எனக்கு அப்போது ஞாபகமே வரவில்லை. இடுப்பில் இழுப்பு விழுந்ததும், "அண்ணன் இழுக்கிறான்" என்றுதான் தோன்றியது. நீ இங்கே இல்லை என்பது மறந்துபோய்விட்டது. கால் ஓடி முடித்த பிறகுதான் நீ இல்லாதது தெரிந்தது.

தங்கை


ஜூன் 19

மரங்கொத்திக்கு,

லாரிக்காரர் கடிதத்தைக் கொடுத்துவிட்டு நகராமல் நின்றார். படித்து முடிக்கும்வரை நின்றார். பிறகு, "நான் கண்ண மூடல. அவங்க சும்மா எழுதியிருக்காங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

கிரேனுக்குக் கீழே இரும்புப் பெட்டிகள் நடுவே உட்கார்ந்து மறுபடி படித்தேன். நான் அங்கே நின்றிருந்தால் என்ன செய்திருப்பேன் என்று யோசித்தேன். உச்சியைத்தான் பார்த்திருப்பேன். உச்சியைப் பார்த்திருந்தால் தெரிந்திருக்காது என்று நீயே எழுதியிருக்கிறாய். நான் இழுத்திருக்கமாட்டேன். இதை உன்னிடம் ஒரு தடவை சொன்னால் போதும், மறுபடி பேச வேண்டாம். ஆற்றங்கரையில் நான் இழுத்தது சரியா என்று இனி எனக்கும் தெரியாது. உனக்கும் தெரியாது. அது அங்கேயே கிடக்கட்டும்.

கயிறு அவளிடமே இருக்கட்டும். கொடுக்கச் சொன்னாலும் கொடுக்கமாட்டாள், அவளை எனக்குத் தெரியும். உனக்கு வின்ச் சுற்றக் கண்ணைத் திறந்து வைத்துக்கொள்கிற ஒரு ஆள் வேண்டுமானால் சொல். சம்பளம் பேசமாட்டேன், சாப்பாடு மட்டும் அந்த அடுப்பங்கரையில் போட வேண்டும்.

கப்பல் நாளை கிளம்புகிறது. திங்கட்கிழமை பஸ்ஸில் வருகிறேன். நிறுத்தத்துக்கு வராதே.

நம் பின்மேட்டுக்கு மேலே அந்த வளைவில் பஸ் திரும்பும்போது நான் எப்போதும் இடதுபக்க ஜன்னலில்தான் உட்காருவேன். உச்சி தெரிந்ததும் வீடு வந்துவிட்டது என்று பையை எடுப்பேன். இனி அது இருக்காது. அதனால் நீ ஒன்று செய். மரத்தின் அடிக்கட்டை மிச்சம் இருக்குமே, அதன் மேல் ஏறி நில். அவளையும் ஏற்றிக்கொள். பஸ் வளைவில் திரும்பும்போது அந்த இடத்தில் உங்கள் தலை தெரிந்தால் போதும், நான் பையை எடுத்துவிடுவேன்.

அண்ணன்